குழம்பியவரா, குழப்புகிறவரா? ‘போர்டு’, ‘போரிங்’ தகராறைத் தீர்க்கும் வழி

‘சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்.’

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மாதிரி இன்டர்வியூ வைத்தால், வாரத்துக்கு இரண்டு தடவையாவது இந்த வாக்கியம் காதில் விழும். சொல்ல வந்தது, இந்த வேலையில் எனக்கு ரொம்ப ஆர்வம் என்று. சொல்லி முடித்தது, நான் வெகு சுவாரசியமான ஆள் என்று. எதிரே இருப்பவருக்கு எப்படியோ புரிந்துவிடும். புரிந்துவிடுவதால் திருத்தவும் மாட்டார். எழுத்துப்பிழை எதுவும் இல்லாததால் மொபைலும் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. அப்படியே பத்து வருஷம் ஓடிவிடும்.

நானும் இதை வெறும் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தேன். ‘கடைசியில் ஈடி (-ed) போடு, இங் (-ing) வேண்டாம்’ என்று திருத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஒருநாள் டிப்ளமோ முடித்த ஒரு தம்பியிடம் சும்மா கேட்டுவைத்தேன்: ‘ஏம்ப்பா இங் போட்ட?’ அவன் யோசிக்கவே இல்லை. ‘ஆர்வம் இப்ப இருக்குதுல்ல சார்? முடிஞ்சா போச்சு? ஈடி போட்டா பாஸ்ட் டென்ஸ் ஆயிடுமே!’

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் சொன்னதில் தர்க்கப் பிழையே கிடையாது. ‘இங் வந்தால் நடந்துகொண்டிருக்கிறது, ஈடி வந்தால் நடந்து முடிந்தது’ என்று ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்கு ஓதிக்கொடுத்தவர்கள் என்னைப் போன்ற வாத்தியார்கள்தான். வினைச்சொல்லுக்குச் சொன்ன விதியை அவன் பெயரடைக்கும் போட்டுப் பார்த்திருக்கிறான். அன்றைக்குப் பிறகு நான் இந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்துகிறேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இங்கிலீஷை இப்போதுதான் வாயில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கான வழி இது.

முதல் படி: கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்

போர்டு, போரிங். இன்ட்ரஸ்டட், இன்ட்ரஸ்டிங். கன்ஃப்யூஸ்டு, கன்ஃப்யூஸிங். டயர்டு, டயரிங். இந்த ஜோடிகளில் காலம் என்ற பேச்சே இல்லை. நேற்றுக்கும் ‘ஐ வாஸ் போர்டு’தான், இப்போதைக்கும் ‘ஐ ஆம் போர்டு’தான், நாளைக்கும் ‘ஐ வில் பி போர்டு’தான். காலத்தைக் காட்டும் வேலை ‘வாஸ்’, ‘ஆம்’, ‘வில் பி’ ஆகியவற்றுடையது. பின்னால் வரும் சொல்லுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

அப்படியானால் ஈடியும் இங்கும் எதைக் காட்டுகின்றன? உணர்ச்சி யாரிடம் உண்டானது, யாரால் உண்டானது என்பதை. ஈடி, பட்டவர் பக்கம். இங், படுத்தியவர் பக்கம். ‘எப்போது’ என்று கேட்பதை விட்டு ‘யார் பக்கம்’ என்று கேட்கப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஈடி என்றதும் அமலாக்கத்துறை நினைவுக்கு வருகிறவர்கள் அதையே ஞாபகக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்: ஈடி யார் வீட்டுக்கு வருகிறதோ, அனுபவம் அவருக்குத்தான்.

இரண்டாம் படி: குழம்பு, குழப்பு

இந்த வேறுபாடு நமக்குப் புதிதே அல்ல. இங்கிலீஷ்காரரைவிட நாம்தான் இதில் கில்லாடிகள். திருந்தினான், திருத்தினான். அடங்கினான், அடக்கினான். திரும்பினான், திருப்பினான். மயங்கினான், மயக்கினான். முதலாவதில் செயல் அவனிடமே நடக்கிறது. இரண்டாவதில் அவன் இன்னொருவரிடமோ இன்னொன்றிலோ அதை நடத்துகிறான். தமிழ் ஐயா தன்வினை, பிறவினை என்று சொல்லிக்கொடுத்தாரே, அதேதான். மெல்லின மெய் வல்லினமாக மாறும், அவ்வளவுதான்: ‘ந்து’ என்பது ‘த்து’ ஆகும், ‘ங்கு’ என்பது ‘க்கு’ ஆகும், ‘ம்பு’ என்பது ‘ப்பு’ ஆகும்.

நம் வேலைக்கு மிகவும் உதவும் ஜோடி குழம்பு, குழப்பு. (சாப்பாட்டுக் குழம்பை ஒரு நிமிஷம் மறந்துவிடுங்கள்.)

குழம்பிய மாணவன்: கன்ஃப்யூஸ்டு ஸ்டூடன்ட்.
குழப்பும் கேள்வி: கன்ஃப்யூஸிங் கொஸ்டின்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ‘ஐ ஆம் கன்ஃப்யூஸிங்’ என்றால் ‘நான் குழப்பவாதி, என் பேச்சைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும்’ என்று பொருள். வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கப் போய் யாரும் தன்னைப் பற்றி இப்படி வாக்குமூலம் கொடுக்க விரும்ப மாட்டார்கள்.

சரி, இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் நாம் ஏன் இங்கிலீஷில் தடுமாறுகிறோம்? பேச்சுத் தமிழில் நாம் இந்த ஜோடிகளை அதிகம் தொடுவதே இல்லை. ‘எனக்குக் குழப்பமா இருக்கு’ என்கிறோம். ‘இந்தக் கணக்கு குழப்பமா இருக்கு’ என்றும் சொல்கிறோம். ஆளுக்கும் ‘குழப்பமா’, கணக்குக்கும் ‘குழப்பமா’. ‘எனக்கு போரா இருக்கு’, ‘படம் போரா இருக்கு’ என்பதும் அப்படியே. நாம் ஒரே சொல்லை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இங்கிலீஷ் இரண்டு சொல் கேட்கிறது. தடுமாறுவதில் ஆச்சரியமே இல்லை.

மூன்றாம் படி: ‘கு’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

மேலே சொன்ன வாக்கியங்களை இன்னொரு முறை படியுங்கள். சொல் ஒன்றாக இருந்தாலும் தமிழ் வேறோர் இடத்தில் வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறது. ‘எனக்கு’ போரா இருக்கு. ‘படம்’ போரா இருக்கு. ஆளுக்கு நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ ஒட்டிக்கொள்கிறது. படத்துக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அது மொட்டையாக, எழுவாயாக நிற்கிறது.

என் வகுப்பில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க விடமாட்டேன். இங்கிலீஷில் பேசுவதற்கு முன் மனசுக்குள் தமிழ் வாக்கியம் ஓடுமல்லவா, அதில் ‘கு’ வாங்கியவருக்கு ஈடி. ‘கு’ இல்லாமல் நிற்பதற்கு இங்.

‘அம்மாவுக்குக் கவலையா இருக்கு.’ அம்மாவுக்கு ‘கு’ இருக்கிறது. அம்மா இஸ் வொரீடு.

‘அவர் பேச்சு செம போர்.’ பேச்சுக்கு ‘கு’ இல்லை. ஹிஸ் ஸ்பீச் இஸ் போரிங்.

‘எங்களுக்கு ஆச்சரியமா இருந்துச்சு.’ வீ வேர் சர்ப்ரைஸ்டு.

‘ரிசல்ட் ஆச்சரியமா இருந்துச்சு.’ தி ரிசல்ட் வாஸ் சர்ப்ரைஸிங்.

ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தால்? ‘இந்தப் படம் எனக்கு போர் அடிக்குது.’ இங்கே ‘கு’ வாங்கியவர் நான், மொட்டையாக நிற்பது படம். எதை முன்னால் வைத்து இங்கிலீஷில் தொடங்குகிறீர்களோ அதற்கு உரிய வாலை ஒட்டுங்கள். ‘ஐ’ என்று தொடங்கினால் போர்டு. ‘திஸ் மூவி’ என்று தொடங்கினால் போரிங்.

ஆள் என்றால் ஈடி, பொருள் என்றால் இங் என்று சில கைடுகளில் போட்டிருப்பார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். ஆளும் போரிங்காக இருக்க முடியும். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாத பெரியப்பா ‘போரிங்’, கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டம் ‘போர்டு’. அதேபோல முகம், பார்வை, குரல் ஆகியவை பொருளாக இருந்தாலும் ஈடி வாங்கும். எ போர்டு லுக், எ சர்ப்ரைஸ்டு வாய்ஸ். அந்த முகத்துக்குப் பின்னால் சலித்துப்போன ஆள் ஒருவர் இருக்கிறாரே. சலித்துப்போன வாத்தியார் சலிப்பூட்டும் வாத்தியாராகவும் ஆவார், எ போர்டு டீச்சர் இஸ் எ போரிங் டீச்சர், என்று நானே எனக்கு அவ்வப்போது சொல்லிக்கொள்வதுண்டு.

நான்காம் படி: படு, படுத்து

‘கு’ உதவாத இடங்களும் உண்டு. ‘நான் ஆச்சரியப்பட்டேன்’ என்பதில் ‘கு’ எங்கே? அங்கே வினையின் கடைசியைப் பாருங்கள். ‘பட்ட’ என்று முடிந்தால் ஈடி, ‘படுத்தும்’ என்று முடிந்தால் இங். கவலைப்பட்ட, வொரீடு; கவலைப்படுத்தும், வொரியிங். சங்கடப்பட்ட, எம்பாரஸ்டு, சங்கடப்படுத்தும், எம்பாரஸிங். எரிச்சல்பட்ட, அனாய்டு, எரிச்சல்படுத்தும், அனாயிங். எழுத்துத் தமிழில் இதையே ‘அடைந்த’ என்றும் ‘அளிக்கும்’ என்றும் எழுதுவார்கள். ஏமாற்றமடைந்த ரசிகர், டிஸ்அப்பாயின்டட். ஏமாற்றமளிக்கும் ஆட்டம், டிஸ்அப்பாயின்டிங்.

கடைசி ஜோடியில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. ‘ஏமாந்துட்டேன்’ என்று நாம் சொல்வதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காத வருத்தத்துக்கு டிஸ்அப்பாயின்டட். ஒருவன் காசை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான் என்றால் அது சீட்டட். ரேங்க் குறைந்த மகனைப் பார்த்து ‘ஐ ஆம் சீட்டட்’ என்று ஓர் அப்பா சொல்லிவிட்டால், கேட்பவர்கள் பையன் வீட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டான் என்றே நினைப்பார்கள்.

பாராட்டும்போது இந்தப் பிழை தலைகீழாக வரும். நல்ல பாட்டுப் பாடிய தோழியிடம் ‘யு ஆர் அமேஸ்டு’ என்றால், நீ பிரமித்துப் போயிருக்கிறாய் என்று பொருள். பிரமிக்க வைத்தவர் அவர், பிரமித்தவர் நீங்கள். ஆகவே ‘யு ஆர் அமேஸிங், ஐ ஆம் அமேஸ்டு.’

ஐந்தாம் படி: வாலை விழுங்காதீர்கள்

சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தும் வாயில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. ‘ஐ ஆம் டயர்’ என்பார்கள். நான் வண்டிச் சக்கரம் என்று அர்த்தம். ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்’, ‘ஐ ஆம் இன்ட்ரஸ்ட்’ எல்லாம் இதே ரகம். நம் பேச்சில் ‘கன்ஃப்யூஸா இருக்கு’ என்று வாலை வெட்டிவிட்டு ‘ஆ’ சேர்க்கும் பழக்கம்தான் இங்கே வந்து நிற்கிறது.

எழுத்தில் ஈடி ஒன்றுதான் என்றாலும் ஒலி மூன்று. மூலச்சொல் ‘ட்’ அல்லது ‘ட’ ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசையாக ‘இட்’ கேட்கும்: இன்ட்ரஸ்டட், எக்ஸைட்டட், டிஸ்அப்பாயின்டட். ஸ், க், ஷ், ப், ச் போன்ற காற்றொலியில் முடிந்தால் அழுத்தமான ‘ட்’: ஷாக்ட், இம்ப்ரெஸ்ட், எம்பாரஸ்ட். மற்ற எல்லாவற்றுக்கும் மெல்லிய ‘ட’ ஒலி: போர்டு, டயர்டு, கன்ஃப்யூஸ்டு, சர்ப்ரைஸ்டு, வொரீடு. ‘ஷாக்கெட்’, ‘டயரெட்’ என்று இழுக்கத் தேவையில்லை.

நாம் கடைசியில் ஒரு ‘உ’ சேர்த்து ‘டு’ என்று முடிப்பதைச் சிலர் கிண்டல் செய்வார்கள். குற்றியலுகரம் நம் ரத்தத்தில் இருக்கிறது, என்ன செய்ய? தொடக்கத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பேன். வால் காணாமல் போவதைவிட வாலில் ஓர் ‘உ’ தொங்குவது எவ்வளவோ மேல். போர்டு என்று சொன்னால் கரும்பலகை மாதிரிக் கேட்கிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். இங்கிலீஷிலேயே அந்த இரண்டு சொல்லுக்கும் ஒலி ஒன்றுதான், எழுத்துத்தான் வேறு. நம்மூர் அடிபம்பை ‘போரிங் பைப்பு’ என்கிறோமே, அந்த போரிங் துளையிடும் போர். சலிப்பு தரும் போருக்கும் அதற்கும் உறவு உண்டா என்பதில் அகராதிக்காரர்களே முடிவு கட்டவில்லை. மணிக்கணக்கில் காதில் துளை போடுகிறவர்களைப் பார்த்தால் உறவு இருக்கும் போலத்தான் எனக்குப் படுகிறது.

ஆறாம் படி: பின்னால் வரும் குட்டிச் சொல்

ஈடி சொற்களுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் வரும். இதற்கு விதி தேடாதீர்கள், ஜோடியாக மனப்பாடம் செய்வதுதான் சுலபம். இன்ட்ரஸ்டட் ‘இன்’. எக்ஸைட்டட் ‘அபௌட்’. வொரீடு ‘அபௌட்’. சர்ப்ரைஸ்டு ‘அட்’ அல்லது ‘பை’. போர்டு ‘வித்’ அல்லது ‘பை’. ‘போர்டு ஆஃப்’ என்றும் இப்போது நிறையக் கேட்கிறது, ஆனால் பரீட்சைத் தாளில் ‘வித்’ போடுவது பாதுகாப்பு.

டயர்டு மட்டும் தனிக் கதை. தெரிந்த பெண் ஒருவர், ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அரை நாள் லீவு கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டார்: ‘ஐ ஆம் டயர்டு ஆஃப் ஆஃபீஸ் வொர்க்.’ அவர் சொல்ல நினைத்தது வேலை பார்த்த அசதி. மெயில் சொன்னதோ, இந்த ஆபீஸ் வேலையே வெறுத்துப்போச்சு என்று. மேனேஜர் அரை நாள் லீவையும் கொடுத்து, ‘வேலையை விடப்போறீங்களா?’ என்று தனியாகக் கூப்பிட்டும் கேட்டாராம். உடம்பு அசதிக்கு டயர்டு ‘ஃப்ரம்’. மனசு விட்டுப்போனதற்கு டயர்டு ‘ஆஃப்’.

ஏழாம் படி: இங் வாங்காத சில சொற்கள்

சில ஈடி சொற்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இங் நிற்காமல் வேறு வால் நிற்கும். ஸ்கேர்டு என்றால் பயந்த. பயமுறுத்தும் என்பதற்கு ஸ்கேரிங் என்று சொல்வதில்லை, ஸ்கேரி. இம்ப்ரெஸ்டு, இம்ப்ரெஸிவ். ஸ்ட்ரெஸ்டு, ஸ்ட்ரெஸ்ஃபுல். டிலைட்டட், டிலைட்ஃபுல். அஃபெண்டட், அஃபென்ஸிவ். அடிக்கடி வருபவை இவ்வளவுதான். ஒரு தாளில் எழுதிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இன்ட்ரஸ்டட் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு எதிர்ச்சொல் இரண்டு. அன்இன்ட்ரஸ்டட் என்றால் ஆர்வமில்லாதவர். டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால், கவனமாக எழுதுகிறவர்களின் வழக்கில், சொந்த ஆதாயம் இல்லாதவர், நடுநிலையானவர். சட்டத்தாள்களில் ‘இன்ட்ரஸ்டட் பார்ட்டி’ என்று வருவதும் ஆர்வத்தைக் குறிப்பதல்ல. அந்த விவகாரத்தில் லாப நஷ்டம் உள்ளவர் என்பதே. நீதிபதி டிஸ்இன்ட்ரஸ்டடாக இருக்க வேண்டும், அன்இன்ட்ரஸ்டடாக இருந்துவிடக் கூடாது. நம் வழக்கு நடக்கும்போது அவர் கொட்டாவி விட்டால் எப்படி?

எட்டாம் படி: கழற்றி வைத்த கடிகாரத்தை எப்போது கட்டுவது?

அந்தத் தம்பி சொன்ன விதி முழுக்கவும் தவறானதல்ல, அது செல்லுபடியாகும் இடம் இதுதான். வளரும் நாடு, டெவலப்பிங் கன்ட்ரி. வளர்ந்த நாடு, டெவலப்டு கன்ட்ரி. இங்கே யாரும் யாருக்கும் எந்த உணர்ச்சியையும் ஊட்டவில்லை. நாடு தானாக வளர்கிறது. வளர்ந்துகொண்டிருந்தால் இங், வளர்ந்து முடிந்துவிட்டால் ஈடி. நம் பெயரெச்சம் காலம் காட்டுவது போலவே காட்டுகிறது. விழும் இலை, விழுந்த இலை என்பதும் இப்படித்தான். ஆனால் அந்த வினை ஈடி வாங்காது, ஃபாலன் என்று வரும்.

இதில் அன்றாடம் உதவுவது தண்ணீர். வயிற்றுப்போக்கோடு போனால் டாக்டர் ‘பாயில்டு வாட்டர் மட்டும் குடிங்க’ என்பார். காய்ச்சிய தண்ணீர், ஆறியிருந்தாலும் அது பாயில்டு வாட்டர்தான். ‘பாயிலிங் வாட்டர்’ என்றால் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர். அதைக் குடிக்கச் சொன்னால் வாய் வெந்துபோகும். ஹோட்டல் போர்டுகளில் ‘ஃப்ரை ரைஸ்’ என்று ஈடியை விழுங்கி எழுதியிருப்பதைப் பார்த்து நான் முன்பெல்லாம் முகம் சுளிப்பேன். பிறகுதான் தெரிந்தது, இங்கிலீஷ்காரர்களே ‘ஐஸ்டு க்ரீம்’ என்று தொடங்கியதை ‘ஐஸ் க்ரீம்’ ஆக்கியவர்கள் என்று. அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.

எந்த இடத்தில் எந்த விதி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தச் சொல் மனசில் எழும் உணர்ச்சியைச் சொன்னால் ‘யார் பக்கம்’ என்று கேளுங்கள். தானாக நடக்கும் மாற்றத்தைச் சொன்னால் ‘நடக்கிறதா, நடந்துவிட்டதா’ என்று கேளுங்கள்.

இனி செய்து பார்க்க வேண்டியதுதான்

பஸ்ஸில் போகும்போது ஐந்து நிமிஷம் போதும். அன்றைக்கு நடந்த ஒன்றை எடுத்து, அதையே இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்லிப் பாருங்கள். ஒன்று ‘ஐ வாஸ்’ என்று தொடங்கட்டும், மற்றது ‘இட் வாஸ்’ என்று தொடங்கட்டும். மனசுக்குள் சொன்னால் பலன் குறைவு; உதடு அசைய வேண்டும். பக்கத்து சீட்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

கைப்பழக்கத்துக்கு நான்கு வாக்கியம் தருகிறேன். பதிலைப் பார்க்காமல் முதலில் முயலுங்கள்.

‘பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைச்சு ஒரே எரிச்சல்.’

‘நாளைக்கு ரிசல்ட், அக்காவுக்குச் சாப்பாடே இறங்கலை.’

‘பேய்ப் படம் பார்த்துட்டுத் தம்பி தனியா பாத்ரூம் போக மாட்டேங்கிறான்.’

‘அவர் பத்து நிமிஷம் விளக்கினார், ஒருத்தருக்கும் புரியலை.’

நாய் அனாயிங், தூங்காமல் கிடந்த நீங்கள் அனாய்டு. அக்கா வொரீடு. தம்பி ஸ்கேர்டு, படம் ஸ்கேரி. நான்காவதில் விளக்கம் கன்ஃப்யூஸிங், கேட்டவர்கள் கன்ஃப்யூஸ்டு. விளக்கியவரை என்னவென்று சொல்வது என்பது, அவருக்கே அந்த விஷயம் புரிந்திருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது.